சோறு தின்றவர்கள் எழுந்திருங்கள்

1

"இந்த வருசம் ஆடிப் பதினெட்டுக்காச்சும் வந்துருவியா சாமி?" என்று அண்ணன் போனில் கேட்டார். கொல்லிமலையில், தேவனூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருக்கும் என் ஒரே அண்ணன். நான் இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்த நாளிலிருந்து வருடம் தவறாமல் கேட்கிற கேள்விதான். மற்ற வருடங்களில் லீவு இல்லை, டிக்கெட் விலை என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவேன். இந்த முறை உண்மையைச் சொன்னேன்.

"வர முடியாதுங்கண்ணா. அந்த வாரந்தான் எங்க கிளப்புல வருசக் கூட்டம்."

"என்ன கெளப்பு? சீட்டாடற கெளப்பா?"

"இல்லீங்க. பந்து ஆடற கிளப்பு. கால்பந்து."

"பந்து ஒதைக்கறதுக்கு எதுக்குக் கண்ணு கூட்டம்? ஒதைச்சா உருளப் போவுது."

அவருக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். பாதி சொல்வதற்குள் போன் கார்டு தீர்ந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டபோது மிளகு காயப்போட்டிருக்கிறேன், மேகம் திரளுது என்று சொல்லி அவரே வைத்துவிட்டார். ஒரு பந்தாட்டக் கூட்டத்துக்காகச் சொந்த ஊர்ப் பண்டிகையை விட்ட தங்கச்சி என்று இப்போது அங்கே எல்லோரும் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். ஆனால் விஷயம் தெரிந்து பேசட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

ஊர் பெயர் வேண்டாம். வட இங்கிலாந்தில், பஞ்சாலைகள் எல்லாம் மூடிவிட்ட ஒரு சின்ன ஊர். சுற்றிலும் மொட்டைக் குன்றுகள். இரண்டாயிரமாவது ஆண்டுகளின் தொடக்கத்தில் இங்குள்ள ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்கள் போதாமல் நம் பக்கமிருந்து ஆள் எடுத்தார்கள். அப்படி வந்தவள் நான். கணவர் சடையனும் மகள் மலரும் சில மாதம் கழித்து வந்தார்கள்.

வந்த புதிதில் பேங்க் கணக்குத் தொடங்கப் போனால் முகவரிக்கு அத்தாட்சி கேட்டார்கள். அந்த அத்தாட்சியை வாங்கப் போனால் பேங்க் கணக்கு இருக்கிறதா என்றார்கள். இரண்டு ஆபீசும் எதிரெதிரே இருந்தன. நான் ரோட்டைக் குறுக்கே கடந்து கடந்து, கடைசியில் இந்த ஆபீஸ் அம்மாவை அந்த ஆபீசுக்கே கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டேன். அன்றிலிருந்து அந்தத் தெருவில் என்னைப் பார்த்தால் கொஞ்சம் மரியாதை.

என் வார்டில் கூட வேலை பார்த்த ஜேனட் முதல் மாதமே எங்களை டீக்கு வரச் சொன்னாள். டீதானே என்று நாங்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனோம். போய்ப் பார்த்தால் மேஜை முழுக்கச் சாப்பாடு. இந்தப் பக்கத்தில் டீ என்றாலே ராத்திரிச் சாப்பாடுதான் என்பது யாருக்குத் தெரியும்? சடையன் முகம் கோணாமல் மறுபடி ஒரு முழுச் சாப்பாட்டைச் சாப்பிட்டார். ஜேனட்டுக்கு அவரை அன்றே பிடித்துப்போனது.

சடையனுக்கு ஊரில் லாரி ஓட்டும் வேலை. கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு சேகோ என்கிற ஜவ்வரிசி ஆலைக்கு இறக்குகிறவர். இங்கே வந்து முதல் முறை டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போனார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்தார். நம் மலையில் வளைவில் ஹாரன் அடிக்காதவன் கொலைகாரன். இங்கே ஹாரன் அடித்தால் எதிரில் வருகிறவரைத் திட்டுவதாக அர்த்தம். ஃபெயில் ஆக்கிவிட்டார்கள். இரண்டாவது முறை கையைக் கட்டுப்படுத்திக்கொண்டே ஓட்டினார். கடைசித் திருப்பத்தில் கை தானாகப் போய் அடித்துவிட்டது.

"வளைவுல ஹாரன் அடிக்காதவனுக்கெல்லாம் எப்படி லைசென்ஸ் குடுக்கறாங்க, பொன்னி?" என்று வீட்டுக்கு வந்து என்னிடம் நியாயம் கேட்டார். தினமும் மலையை இறங்கி ஏறின மனுசன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

3

எங்கள் தெருக்கோடியில் கால்பந்து மைதானம். பெரிய கிளப் இல்லை. டிவியில் நீங்கள் பார்க்கிற ஆட்டங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கால்பந்து லீக்கில் கீழே, மிகக் கீழே உள்ள வரிசையில் ஆடுகிற நீலச்சட்டைக்காரர்கள். சனிக்கிழமை மதியம் ஊரே அங்கேதான் இருக்கும். ஜேனட் அங்கே ரசிகர் சங்கத்தின் செயலாளர். நம் ஊரில் ரசிகர் மன்றம் என்றால் சினிமா கட் அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவர்கள். இங்கே ரசிகர் என்றால் தாத்தா நின்ற இடத்தில் நின்று, மழையில் நனைந்து, தோற்றுப்போய் வீட்டுக்குப் போகிறவர். அடுத்த வாரமும் வருகிறவர்.

சும்மா இருந்த சடையன் ஒரு நாள் மைதானத்தின் புல்லைச் சீர் பண்ணுகிற பெரியவருக்கு வேலியைத் தாண்டிப் போய் ஒரு கை கொடுத்தார். அதன் பிறகு தினமும் போனார். சம்பளம் கிடையாது. ஆட்ட நாளில் எங்கள் மூவருக்கும் இலவச அனுமதி தர வந்தார்கள். நான் வேண்டாமென்று கேட்டில் காசு கொடுத்தே போனேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சடையன் ஆட்டம் பார்க்கிற அழகு தனி. ரெஃப்ரி தப்பாக விசில் ஊதினால் சுற்றி நிற்கிறவர்கள் காது கூசுகிற வார்த்தைகளில் கத்துவார்கள். இவர் கையை உயர்த்தி, "ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு தெரியலீங்களா? ஊட்டுக்குப் போயிருங்க" என்பார். திட்டும்போதுகூட 'ங்க' போடாமல் வராது அவருக்கு. பக்கத்தில் நின்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் மேற்கு கேலரி முழுக்க ரெஃப்ரியைப் பார்த்து "ஏனுங்க" என்று ராகம் போட்டுக் கூப்பிட ஆரம்பித்தது. என்ன அர்த்தம் என்று ஒருவருக்கும் தெரியாது. மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால் அந்த ரெஃப்ரி மயங்கி விழுந்திருப்பார்.

மலருக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரே வருடத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகளின் நாக்கு வந்துவிட்டது. தமிழ் முதலில் தெருவில் நின்றது. பிறகு வாசலில் நின்றது. பிறகு நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வந்தது. நான் அதட்டினேன், கெஞ்சினேன். கடைசியில் அவள் வாயில் நான் கேட்ட தமிழ், சனிக்கிழமைகளில் அவள் கத்துகிற அந்த ஒரு 'ஏனுங்க' மட்டும்தான். அது எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

4

மூன்றாவது வருடம் கிளப்பின் முதலாளி ஒரு அறிவிப்புச் செய்தார். மைதானத்தை விற்கப்போகிறார். அங்கே ஒரு பெரிய கடைத்தொகுதி வரும். நீலச்சட்டைகள் குன்றுக்கு அந்தப் பக்கம் உள்ள சிவப்புச்சட்டைக்காரர்களின் மைதானத்தில் வாடகைக்கு ஆடுவார்கள். நீலச்சட்டைக்கும் சிவப்புச்சட்டைக்கும் எத்தனை தலைமுறைப் பகை என்று கேட்டால் இங்கே யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் சிவப்பு கார் வாங்க மாட்டார்கள். ஜேனட் வீட்டில் தக்காளி சாஸ் பாட்டிலைக்கூட அலமாரிக்குள் மறைத்துத்தான் வைப்பாள்.

இங்கே எனக்குப் புரியாமல் இருந்த ஒன்று அப்போதுதான் புரிந்தது. ஆட்டத்துக்கு ரெஃப்ரி உண்டு, கோட்டோரத்தில் கொடி பிடிக்க ஆட்கள் உண்டு. கிளப்பை வாங்குகிற, விற்கிற ஆட்டத்துக்கு மட்டும் ரெஃப்ரியே கிடையாது. மேற்பார்வைக்கு ஒரு சங்கம் இருக்கிறது என்பார்கள். அந்தச் சங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களே கிளப் முதலாளிகள்தான். யாருக்கும் கட்டுப்படாத தனி அமைப்பு ஒன்று வேண்டும், அரசாங்கம் அதைச் செய்ய வேண்டும் என்று பேப்பரில் அவ்வப்போது எழுதுவார்கள். பிறகு சீசன் தொடங்கிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

ரசிகர்கள் தெருவில் இறங்கிச் சத்தம் போட்டதும் முதலாளி சமாதானமாக ஒரு வழி சொன்னார். ஐந்து பேர் குழு. திட்டம் ஊருக்கு நல்லதா கெட்டதா என்று அவர்கள் சொல்லட்டும். நான்கு பேரை அவர் சொன்னார்: ஊர் கவுன்சிலர் ஒருவர், கட்டட கான்ட்ராக்டர் ஒருவர், ஒரு பேங்க் மேனேஜர், பழைய ஆட்டக்காரர் ஒருவர். ஐந்தாவது ஆளை ரசிகர் சங்கம் அனுப்பலாம்.

சங்கத்தில் யாரை அனுப்புவது என்று பெரிய சண்டை. இவன் அவனுக்கு மாமன், அவன் இவளுக்குப் பங்காளி. கடைசியில் ஜேனட் என்னைப் பார்த்தாள். "உனக்கு இந்த ஊரில் உறவும் இல்லை, பகையும் இல்லை. நீ போ" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் பெருமை. எங்கள் மலையில் கூட்டத்தில் உட்கார்ந்து நியாயம் சொல்கிற இடம் பெண்களுக்குக் கிடையாது. நாங்கள் தள்ளி நின்று கேட்கலாம், அவ்வளவுதான். நான் சரி என்றேன்.

5

அடுத்த வாரமே சடையன் ஈர பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பொன்னி, வேலை கெடைச்சுருச்சு. புல்லு பாக்கற வேலை. நெரந்தரமாவே போடறாங்களாம். முதலாளியே கூப்புட்டுச் சொன்னாரு."

"எப்பங்க சொன்னாரு?"

"இன்னிக்கு மத்தியானந்தான்."

"நான் அந்தக் குழுவுல உக்காரப் போறேன்னு அவருக்குத் தெரியுமுங்களா?"

"ஊருக்கே தெரியுமே" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். சிரிப்பு மெதுவாகக் கீழே இறங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். நானும் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். இருவரும் ஒரே மலைக்காரர்கள். இருவருக்கும் ஒரே வழக்கம்தான் ஞாபகம் வந்தது.

மலைக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது. ஒரு நாட்டில் பெரிய வழக்கு வந்தால் உள்ளூர் ஆள் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பக்கத்து நாட்டிலிருந்து ஒருவர் வருவார். வரும்போது தன் களி உருண்டையைத் துணியில் கட்டிக்கொண்டே வருவார். தீர்ப்புச் சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்த ஊரில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கக் கூடாது. என் அப்பன் அப்படிப் பல ஊர்களுக்குப் போனவர்.

வழக்குக் கேட்கிற பாறையில் எல்லோரும் உட்கார்ந்ததும் வந்தவர் கேட்கிற முதல் கேள்வி வழக்கைப் பற்றியதாக இருக்காது. "இவங்க ஊட்டுச் சோறு தின்னவங்க எந்திரிங்க" என்பார். வாதி வீட்டிலோ பிரதிவாதி வீட்டிலோ சமீபத்தில் கை நனைத்தவர்கள் தாங்களாகவே எழுந்து பாறையை விட்டு ஓரமாகப் போய் நிற்க வேண்டும். அதில் அவமானம் ஒன்றும் கிடையாது. உட்கார்ந்திருப்பதுதான் அவமானம். கோயில் பலாமரம் யாருக்கு என்று ஒரு முறை வழக்கு. ஒருவர் எழுந்து நின்று, "நான் சோறு திங்கலீங்க. ஆனா அந்த மரத்துப் பலாச்சொளை ரெண்டு தின்னுபுட்டேன்" என்றார். கூட்டமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே ஓரமாகப் போனார்.

இதனால்தான் நான் கேட்டில் காசு கொடுத்துப் போனேன். காரணம் யோசித்துச் செய்யவில்லை. ஊறிப்போனது.

"வேலை வேண்டாம்னு சொல்லிர்றேன்" என்றார் சடையன், கழற்றின பூட்ஸைப் பார்த்துக்கொண்டே.

"வேண்டாமுங்க. நீங்க வேலைக்குப் போங்க. நான் எந்திரிச்சுக்கறேன்."

"நீ எந்திரிச்சா அங்க நம்ம ஆளுன்னு யாரு இருப்பாங்க? நாலு பேரும் அவரு ஆளு. மைதானம் போயிரும் பொன்னி."

அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வேலையை விட்டால் இந்த மனுசன் மறுபடி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் வாயை மூடி உட்கார்ந்தால் நாளைக்கு நான் என்ன நியாயம் சொன்னாலும் அது புருசன் வேலைக்குச் சொன்னதாகிவிடும். நான் எழுந்துவிட்டாலோ நான்கு நாற்காலி அப்படியே இருக்கும். இரண்டு நாள் இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வார்டில் ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. நான் ஏன் தனியாக எழுந்திருக்க வேண்டும்?

6

நகர மண்டபத்தில் கூட்டம். நின்றுகொள்ளக்கூட இடமில்லை. மேடையில் எங்கள் ஐந்து பேருக்கும் நாற்காலி. முதல் வரிசையில் முதலாளி. கவுன்சிலர் எழுந்து, முன்கூட்டியே எழுதிவைத்த முடிவை வாசிக்கத் தொண்டையைச் செருமினார். நான் மைக்கைக் கேட்டு வாங்கினேன். அவர் ஒரு பெண்ணுக்கு இடம் கொடுக்கிற பெருந்தன்மையோடு கொடுத்தார்.

என் இங்கிலீஷ் கொல்லிமலை இங்கிலீஷ்தான். நிதானமாகச் சொன்னேன். "எங்கள் மலையில் நியாயம் பேச ஆரம்பிக்கும் முன் ஒரு வழக்கம் உண்டு. வழக்குக்காரர் வீட்டில் சாப்பிட்டவர்கள் எழுந்து ஓரமாக நிற்க வேண்டும். போன வாரம் இந்தக் கிளப் என் கணவருக்கு வேலை கொடுத்தது. இனி நாங்கள் சாப்பிடப்போவது அந்தச் சோறு. அதனால் நான் எழுந்திருக்கிறேன்."

நான் மேடையை விட்டு இறங்கிச் சுவர் ஓரமாகப் போய் நின்றேன். மைக்கைக் கையிலேயே வைத்திருந்தேன். "வேறு யாராவது சாப்பிட்டிருந்தால் எழுந்திருக்கலாம்" என்றேன்.

பழைய ஆட்டக்காரர்தான் முதலில் எழுந்தார். நல்ல மனிதர். ஆட்ட நாட்களில் முதலாளியின் விருந்தாளிகளுக்குக் கதை சொல்லிக் கூலி வாங்குகிறவர் என்று எல்லோருக்கும் தெரியும். என் பக்கத்தில் வந்து நின்றார். கிளப்பின் கணக்கை வைத்திருக்கிற பேங்க் மேனேஜர் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், எழுந்தார். கான்ட்ராக்டர் அசையவில்லை. பின்னால் இருந்து ஒரு பெண்மணி, "கடைத்தொகுதியைக் கட்டப்போவது யார் என்று சொல்லுங்களேன்" என்றாள். அவரும் எழுந்தார்.

கவுன்சிலர் மட்டும் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் ஒருவர், "டைரக்டர் அறையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒயின் ஊற்றிச் சாப்பிடுகிறீர்களே, அது எந்த வீட்டுச் சாப்பாடு?" என்று கேட்டார். அவர் பேப்பரை மடித்துப் பையில் வைத்தார். அப்போது மேற்கு கேலரிக்காரன் ஒருவன் அடித்தொண்டையில் "ஏனுங்க" என்று இழுத்தான். மண்டபம் முழுக்க அது பற்றிக்கொண்டது. கவுன்சிலர் எழுந்து வந்து சுவர் ஓரம் நின்றார். மேடையில் ஐந்து நாற்காலியும் காலி. அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது.

"சரி, உங்கள் மலையில் அடுத்தது என்ன செய்வார்கள்?" என்று ஜேனட் கேட்டாள்.

"பக்கத்து நாட்டிலிருந்து ஆள் கூப்பிடுவோம்."

"பக்கத்து என்றால்?"

"குன்றுக்கு அந்தப் பக்கம்."

சிவப்புச்சட்டையா என்று மண்டபமே கொந்தளித்தது. எதிரி ஊர்க்காரன் நமக்கு நியாயம் சொல்வதா என்றார்கள். நான் பொறுமையாகச் சொன்னேன். "இந்தக் கிளப்பிடம் ஒரு வாய் காபிகூட வாங்கிக் குடிக்காத ஆள் இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறார்." கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு பின்வரிசையில் ஒரு கிழவர் தலையை ஆட்டி, "அது சரிதான். என் உயிர் போனாலும் அவர்கள் மைதானத்தில் நான் காபி குடிக்க மாட்டேன். அவர்களும் அப்படித்தான் இருப்பார்கள்" என்றார்.

7

ஜேனட்டுக்கும் எனக்கும் ஒரே பெயர்தான் தோன்றியது. டோரதி. எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தணிக்கைக்கு வந்து, ஒரு வாரம் முழுக்க ஒரு பிஸ்கட்கூடத் தொடாமல் போன பெண்மணி. அப்போது ஓய்வு பெற்றிருந்தார். சிறுமியாக இருந்த காலத்திலிருந்து சிவப்புச்சட்டை. எங்கள் ஊருக்கு வருவதற்கே முதலில் மறுத்தார். பிறகு, உங்கள் கிளப் ஒழிந்துபோனால் நாங்கள் யாரைத் தோற்கடிப்பது என்று சொல்லிவிட்டு வந்தார்.

சிவப்பு மஃப்ளர், கையில் ஒரு தகரப் பெட்டி. அதில் அவர் வீட்டு சாண்ட்விச். டீயும் அவர் ஃபிளாஸ்க்கிலேயே. அதைப் பார்த்ததும் எனக்குத் துணி மூட்டையோடு மலை இறங்குகிற என் அப்பன் ஞாபகம் வந்துவிட்டது. மிளகு வடை சுட்டுக்கொண்டு போய் நீட்டினேன், பழக்க தோஷத்தில். "வேலை முடியட்டும்" என்றார் டோரதி. நான் கூச்சப்பட்டு டப்பாவை மூடினேன். இந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

அவர் ரொம்பப் பேசவில்லை. மறு கூட்டத்தில் முதலாளியைப் பார்த்து ஒரே கேள்வி. "மைதானம் யார் பெயரில் இருக்கிறது?"

"கிளப்பின் பெயரில்."

"இன்றைக்கா?"

முதலாளி தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையைப் பார்த்தார். மைதானம் அதற்கு முன்னமே முதலாளியின் இன்னொரு கம்பெனிக்கு மாறியிருந்தது. விற்றாலும் கிளப்புக்கு ஒன்றும் வராது. கேட்க வேண்டிய கேள்விதான். அத்தனை வருடமும் அதைக் கேட்கிற இடத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அந்த வீட்டில் கை நனைத்தவர்கள்.

அதன் பிறகு நகரசபை கட்டட அனுமதி தரவில்லை. முதலாளிக்கு ஆர்வம் போய்விட்டது. இழுபறியாக ஒரு வருடம் ஓடி, கடைசியில் ரசிகர்களே சேர்ந்து கிளப்பையும் மைதானத்தையும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சடையன் வேலை? அது நான் மேடையை விட்டு இறங்கிய வாரமே கரைந்துவிட்டது. வேண்டாமென்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்கள். அவர் மைதானம் பக்கமே போகாமல் ஒரு குளிர்காலம் முழுக்க வீட்டிலேயே இருந்தார். அந்த நாட்களில் நான் செய்தது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ரசிகர்கள் கையில் கிளப் வந்ததும் முதல் வேலையாக அவரைக் கூப்பிட்டு, அதே வேலையை முறைப்படி கொடுத்தார்கள். அன்றைக்கு அவர் புல்லில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்.

டோரதி ஒரு விதியும் எழுதிக்கொடுத்துப் போனார். ஒவ்வொரு வருசக் கூட்டமும் அந்தக் கேள்வியோடு தொடங்கும். கிளப்பில் சம்பளமோ கான்ட்ராக்டோ வாங்குகிறவரும், அவர் கணவர் அல்லது மனைவியும் எழுந்து சுவர் ஓரம் நிற்க வேண்டும். ஓட்டு கிடையாது. அப்படியாக, இந்த வழக்கத்தைக் கொண்டுவந்த நான் வருடா வருடம் முதல் ஆளாக எழுந்து போய் நிற்கிறேன். கேள்வி கேட்க டோரதிதான் வருகிறார், அதே தகரப் பெட்டியோடு. என் வீட்டு வடையை அவர் இன்றுவரை தின்றதில்லை. என் கையால் ஒரு வாய் தின்னாத இந்த அம்மாவை விட நெருக்கமான சிநேகிதி எனக்கு இங்கே கிடையாது.

8

இப்போது அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். இந்த வருடம் கூட்டம் ஏன் அவ்வளவு முக்கியம்?

பணக்காரர் ஒருவர் கிளப்பில் பாதியை எனக்குக் கொடுங்கள், மேல் வரிசைக்குக் கொண்டுபோகிறேன் என்று வந்திருந்தார். கொடுப்பதா வேண்டாமா என்று ஓட்டு. ஊர் சரிபாதியாகப் பிரிந்து நின்றது. மலருக்குப் பதினெட்டு முடிந்து முதல் ஓட்டு. வேண்டாம் என்கிற பக்கத்தில் அவள் தீவிரம். மாதக்கணக்காக வீடு வீடாகப் போய்ப் பேசினாள். வீட்டில் எங்களோடு பேசியதை விட அதிகமாகத் தெருவில் பேசினாள். முதல் ஓட்டைப் போடும்போது அம்மா அங்கே இருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அவள் என்னிடம் ஏதாவது கேட்டே ரொம்ப நாளாகியிருந்தது. ஆடிப் பதினெட்டை அதற்காகத்தான் விட்டேன்.

கூட்டம் தொடங்கியது. டோரதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். சடையனும் நானும் எழுந்து சுவர் ஓரம் போனோம். இன்னும் சிலர் வந்தார்கள். அப்போது நடுவில் ஒரு நாற்காலி நகர்ந்தது. மலர். நீலச்சட்டையோடு எழுந்து எங்களைப் பார்த்து நடந்து வந்தாள்.

நான் பதறிப்போனேன். "மலரு, போய் உக்காரு. விதியில புள்ளைங்க இல்ல. நீ ஓட்டுப் போடலாம்" என்று அவள் காதோடு சொன்னேன்.

அவள் என் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்பா சம்பளத்துச் சோத்தத்தானம்மா நானுந் தின்னேன்" என்றாள்.

தமிழில் சொன்னாள். எங்கள் மலைத் தமிழில். இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தாளோ. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை. சடையன் திரும்பிக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த பழைய ஆட்ட போஸ்டரை ரொம்ப நேரம் படித்தார்.

ஓட்டெடுப்பில் அந்தப் பணக்காரரின் திட்டம் தோற்றது. கொஞ்ச வித்தியாசம்தான். மலரின் ஓட்டு இல்லாமலேயே தோற்றது.

மறுநாள் புதுப் போன் கார்டு வாங்கி அண்ணனைக் கூப்பிட்டேன். அருவியில் கூட்டம் என்ன, கோயிலில் என்ன என்று எல்லாம் சொன்னார். பிறகு, போனால் போகிறது என்று கேட்டார், "உங்க பந்துக் கூட்டம் என்னாச்சு சாமி?"

முழுக்கச் சொன்னேன். முடித்ததும் கேட்டார். "சோறு தின்னவங்க எந்திரிங்கன்னு அங்கயும் கேக்கறாங்களா?"

"கேக்கறாங்கண்ணா. நம்மூட்டுல மூணு பேரும் எந்திரிச்சோம்."

"மலருமா?"

"அவளுக்கு எந்திரிக்க வேண்டியதே இல்லீங்க. அவளா எந்திரிச்சா."

பிறகு அண்ணன் சொன்னார். "அப்ப நீங்க மூணு பேரும் ஊருக்கு வந்துட்டுப் போனாப்பலதான் கண்ணு."